மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும்

பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர் திங்கட்கிழமை காலை மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் கை நடுக்கம் அடங்கி, சட்டைப் பித்தானைத் தானே மாட்டிக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை அதே மாத்திரையைப் போட்டு ஒன்றரை மணி நேரமாகியும் குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த நோய் உள்ள வீடுகளில் இது அன்றாடம் நடப்பதுதான். இதற்கு வீட்டார் சொல்லும் காரணங்களும் பழகிப்போனவை: நோய் முற்றிவிட்டது, இந்த அட்டை மாத்திரை சரியில்லை, மனசில் ஏதோ கவலை. மூன்றுமே சில நேரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை அந்த மாத்திரை வெறும் தண்ணீரோடு போனதா, செவ்வாய்க்கிழமை பால் காபியோடு போனதா என்று கேட்பவர்கள் குறைவு. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் நரம்பியல் மருத்துவருக்குப் பஞ்சமில்லை, மருந்தும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்ற பேச்சுக்குத்தான் பஞ்சம். நம் வீட்டுச் சாப்பாடு இந்த மருந்துக்குப் பகை இல்லை என்பதும், கோளாறு பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது என்பதும், நேரத்தைத் திருத்திப் பார்க்காமல் பருப்பையும் தயிரையும் நிறுத்துவது தவறான வைத்தியம் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கான சான்றுகளையும் அதை எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த நோய்க்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா ஒரு அமினோ அமிலம். இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். டோபமைனை நேரே கொடுத்தால் அது மூளைக்குள் போகாது. அதன் முன்வடிவமான லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். போகிற வழியில் மூன்று இடங்களில் சாப்பாடு குறுக்கே வருகிறது. முதலாவது இரைப்பை. இந்த மருந்து இரைப்பையில் கிரகிக்கப்படுவதில்லை, சிறுகுடலின் மேற்பகுதிக்கு இறங்கினால்தான் ரத்தத்தில் சேரும். வயிறு காலியாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். நெய்யும் எண்ணெயும் தேங்காயும் சேர்ந்த சாப்பாடு உள்ளே இருந்தால் அது இறங்கும்வரை மாத்திரையும் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் மருந்தில் ஒரு பங்கு அங்கேயே சிதைந்தும் போகும். பார்க்கின்சன் நோயே இரைப்பையை மந்தமாக்கும் என்பதால் இந்தத் தாமதம் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். இரண்டாவது இடம் குடல் சுவர், மூன்றாவது ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு. இந்த இரண்டிலும் லெவோடோபாவுக்கென்று தனி வாசல் கிடையாது. லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபீனைல்அலனின், டைரோசின் முதலிய அமினோ அமிலங்கள் நுழையும் அதே வாசலில்தான் அதுவும் நுழைய வேண்டும். பால், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எதைச் சாப்பிட்டாலும் செரித்த பிறகு இந்த அமினோ அமிலங்கள் ரத்தத்தில் பெருகும். வாசலில் நெரிசல் ஏற்படும், சில நூறு மில்லிகிராம் லெவோடோபா பின்னால் நிற்கும். மூளைக்கு வெளியே சிதையாமல் காக்கும் கார்பிடோபாவைச் சேர்த்துக் கொடுத்தாலும் ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஆகும். ஆகவே அது பின்னால் நிற்கும் ஒவ்வொரு அரைமணியும் நோயாளிக்கு நஷ்டம்.

இது ஊகம் இல்லை, அரை நூற்றாண்டு ஆய்வுகள் இதன் பின்னால் இருக்கின்றன. 1967இல் நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவை மெல்ல மெல்லக் கூட்டிப் பெரிய அளவில் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். புரதம் கூடினால் மருந்தின் பலன் குறைகிறது, புரதத்தைக் குறைத்தால் பலன் நிலைப்படுகிறது என்று 1975இல் எழுதியவர்களில் ஒருவரும் அதே கோட்சியாஸ்தான். ஆனால் அது குடலில் நடக்கிறதா மூளையின் வாசலில் நடக்கிறதா என்பது அப்போது தெளிவாகவில்லை. 1984இல் ஜான் நட்டும் அவருடைய குழுவினரும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். சாப்பாட்டோடு மாத்திரை எடுத்தபோது ரத்தத்தில் லெவோடோபாவின் உச்ச அளவு 29 விழுக்காடு குறைந்தது, கிரகிப்பு 34 நிமிடம் தள்ளிப்போனது. பிறகு மாத்திரையை விட்டுவிட்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக நேரே ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். நோயாளி நன்றாக அசைந்துகொண்டிருந்தார். அந்த நிலையில் புரதம் மிகுந்த உணவைக் கொடுத்ததும் உடல் மறுபடி இறுகியது. ரத்தத்தில் லெவோடோபா குறையவே இல்லை, ஆனாலும் பலன் போய்விட்டது. ஃபீனைல்அலனின், லியூசின், ஐசோலியூசின் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தபோதும் அதே விளைவு. வேறு வாசல் வழியே போகும் கிளைசினும் லைசினும் ஒன்றும் செய்யவில்லை. மூளையின் வாசலில் போட்டி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

அடுத்து வந்த கேள்வி, இதை வைத்து என்ன செய்வது என்பது. 1987இல் ஜோனதன் பிங்கஸும் கேத்ரின் பாரியும் ஒரு வழி சொன்னார்கள். பகல் முழுக்கப் புரதத்தைப் பத்து கிராமுக்கும் கீழே வைத்து, நாளுக்கு வேண்டிய புரதம் மொத்தத்தையும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுவது. பகலில் நடமாட்டம் கிடைக்கும், இரவில் கொஞ்சம் இறுகினாலும் படுக்கையில்தானே இருப்பார். 1991இல் பெர்ரி, குரோடன், வுர்ட்மன் ஆகியோர் வேறு வழி சொன்னார்கள். ஒவ்வொரு வேளையிலும் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 5:1 என்ற விகிதம் இருந்தால், மாவுச்சத்து தூண்டும் இன்சுலின் அந்த அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிடும், வாசலில் நெரிசல் குறையும் என்பது அதன் அடிப்படை. 2010இல் எமானுவேலே செரேடா குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புரதத்தை இரவுக்கு மாற்றுவது பலன் தருகிறது என்பதற்குச் சான்று இருந்தது. மொத்தப் புரதத்தையே குறைப்பதற்கு அப்படிப் போதுமான சான்று இல்லை. இந்த வேறுபாடு நமக்கு மிக முக்கியம். மாற்றி வைப்பதும் குறைப்பதும் வேறு வேறு காரியங்கள்.

இனி தென்சென்னையில் ஒரு சைவக் குடும்பத்தின் காலையைப் பார்ப்போம். ஐந்தரைக்கு எழுந்து பல் துலக்கியதும் ஃபில்டர் காபி. டம்ளரில் நூறு மில்லி பால் இருந்தால் மூன்று கிராம் புரதம். மாத்திரை போட வெறும் வயிறு கூடாது என்ற நம்பிக்கையில் காபியோடேயே மாத்திரையும் போகிறது. எட்டு, எட்டரைக்கு டிபன். மூன்று இட்லியில் ஆறு கிராம், ஒரு கிண்ணம் சாம்பாரில் நான்கைந்து கிராம். ஆக ஒன்பது மணிக்குள்ளேயே பதின்மூன்று கிராம் வந்துவிடுகிறது, பிங்கஸ் ஒரு பகல் முழுவதற்கும் வகுத்த எல்லை தாண்டிப்போகிறது. சைவச் சாப்பாடு என்பதால் நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைப்பது இங்கேயே அடிபடுகிறது. அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பிங்கஸின் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இட்லியும் சாம்பாரும் இல்லாத காலை, பருப்பும் தயிரும் இல்லாத மத்தியானம் என்று ஒரு முதியவரை எத்தனை நாள் வைத்திருப்பது? பகலில் இழந்த நாற்பது கிராமை இரவில் அவர் சாப்பிட்டுத் தீர்ப்பாரா? எட்டு மணிக்கு இரண்டு தோசையோ ஒரு பிடி மோர் சாதமோ சாப்பிட்டுப் படுப்பவர்கள்தான் நம் பெரியவர்கள்.

மருந்துக் கடையில் தரும் உறையையும் பார்க்க வேண்டும். அதில் 1-0-1 என்றோ 1-1-1 என்றோ எழுதி, பக்கத்தில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று வட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். வலி மாத்திரைக்குப் பொருந்தும் அந்த வழக்கம் லெவோடோபாவுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் குமட்டல் வரும், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குறையும், ஆகவே மருத்துவரே முதல் சில வாரம் அப்படிச் சொல்வதுண்டு. 1913இல் அவரைக் குடும்பத்துச் செடியான ஃபாவா பயற்றிலிருந்து லெவோடோபாவை முதன்முதலில் பிரித்தெடுத்த மார்க்கஸ் குகன்ஹைம் இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தவர். மருந்தோடு கார்பிடோபாவைச் சேர்ப்பதே மூளைக்கு வெளியே அது டோபமைனாக மாறிக் குமட்டல் உண்டாக்குவதைத் தடுக்கத்தான், அந்தத் தடுப்பு முழுமையாக இருக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். நம் கடைகளில் பரவலாக விற்கும் 110 என்று எண் போட்ட மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவுக்கு 10 மில்லிகிராம் கார்பிடோபாதான் இருக்கிறது. மூன்று வேளை போட்டாலும் முப்பதுதான் சேரும். 125 என்று எண் போட்டதில் அதே லெவோடோபாவுக்கு 25 இருக்கிறது. முப்பதில் பலருக்குக் குமட்டல் போகாது. குமட்டுவதால் சாப்பாட்டோடு போடுகிறார், சாப்பாட்டோடு போடுவதால் பலன் குறைகிறது, பலன் குறைவதால் மாத்திரை கூட்டப்படுகிறது, கூட்டியதும் மறுபடி குமட்டல். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர, எந்த எண் மாத்திரை தனக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டாலே போதும். குமட்டலுக்கு மருந்து தேவைப்பட்டால் டோம்பெரிடோன் போன்றதை அவரே எழுதுவார். கடையில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் டோபமைனைத் தடுத்து நோயையே கூட்டும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உண்மையில் நம் சாப்பாடு இந்த மருந்துக்கு எவ்வளவு இணக்கமானது என்பதைப் பெர்ரி குழுவினரின் விகிதத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். நூறு கிராம் அரிசியில் வடித்த சோறு, இருபத்தைந்து கிராம் துவரம்பருப்பில் வைத்த சாம்பார், ஒரு கிண்ணம் தயிர், ஒரு பொரியல். இதில் மாவுச்சத்து நூறு கிராமை ஒட்டி வரும், புரதம் பதினேழு பதினெட்டு. விகிதம் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. அமெரிக்காவில் திட்டமிட்டுத் தயாரித்துக் கொடுத்த சமநிலை, மயிலாப்பூர்ச் சமையலறையில் யாரும் திட்டமிடாமலே தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் பருப்பை எடுப்பதற்கு என்ன அவசியம்? சோற்றை உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை சிறுகுடலுக்கு இறங்கிவிட்டால் இந்தச் சாப்பாடு பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு செய்யாது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மையமாக இருக்கும் சாப்பாட்டுக்கு எழுதப்பட்ட எச்சரிக்கையை அப்படியே மொழிபெயர்த்து நம் நோயாளிகள் கையில் கொடுத்ததால் வந்த பயம்தான் பருப்பு மீதான பயம். மீனும் முட்டையும் சாப்பிடும் வீடுகளிலும் இதே நியாயம்தான். காலை முட்டையை இரவுக்கு மாற்றலாம், மத்தியான மீனைப் பாதித் துண்டாக்கி மீதியை இரவுக்கு வைக்கலாம்.

இந்த இணக்கம் இரண்டு பக்கத்திலிருந்து உடைகிறது. ஒன்று, சர்க்கரை நோய். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. எழுபது வயதில் பார்க்கின்சனும் சர்க்கரையும் சேர்ந்திருப்பது இந்த நகரில் அரிதில்லை. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் அரிசியைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்கிறார். சரியான அறிவுரைதான். வீட்டில் காலை இட்லி போய் அடையும் சுண்டலும் பனீரும் வருகின்றன. ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, பதினொரு மணிக்குக் கால் இறுகுகிறது. இரண்டு மருத்துவர்களும் தத்தம் துறையில் சரியாகவே சொல்கிறார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. இன்னொன்று, புரதப் பவுடர். அப்பா இளைச்சுப்போயிட்டார், தெம்பு வரட்டும் என்று பிள்ளைகள் அன்போடு வாங்கி வருகிறார்கள். அது பாலில் கரைந்து, காலை முதல் மாத்திரைக்குப் பக்கத்திலேயே மேசையில் வைக்கப்படுகிறது. இளைத்தவருக்குப் பவுடர் தேவையாகவே இருக்கலாம். அதைப் படுக்கும் முன் கொடுத்தால் அதே டப்பா உதவியாகிவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், இது எல்லோருக்கும் பொருந்தாது என்பது. அது உண்மை. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் லெவோடோபா எடுப்பவர்களில் ஏறக்குறைய 6 விழுக்காட்டினரே புரதத்தால் பலன் குறைவதை உணர்ந்திருந்தார்கள். மருந்தின் பலன் ஏறி இறங்கும் கட்டத்தில் இருந்தவர்களில் அது ஏறக்குறைய 12 விழுக்காடு. காரணமும் தெரிந்ததுதான். நோயின் தொடக்க ஆண்டுகளில் மிச்சமிருக்கும் செல்கள் டோபமைனைச் சேமித்து வைத்துச் சிறுகச் சிறுகச் செலவழிக்கும், ஒரு வேளை மாத்திரை தாமதமானாலும் தெரியாது. சேமிப்பு போன பிறகுதான் ஒவ்வொரு மாத்திரையும் நேரடியாக உணரப்படுகிறது. ஐந்தாறு ஆண்டு சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அந்தக் கட்டத்துக்கு வருகிறார்கள். ஆகவே நேற்று நோய் கண்டறியப்பட்டவர் தயிரைப் பார்த்துப் பயப்படத் தேவையே இல்லை. ஆனால் இந்தப் புள்ளிவிவரம் என் வாதத்தை முறிக்கவில்லை, அதற்குப் பலமே சேர்க்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் புரதத்தைக் குறைப்பதால் லாபமில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. நேரத்தை மாற்றுவதற்குச் செலவும் இல்லை, தீங்கும் இல்லை. உணர்பவர்கள் குறைவு என்பதற்காக எல்லோரையும் இட்லியோடு மாத்திரை விழுங்கச் சொல்வதில் நியாயமில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. முதியவர்களுக்குப் புரதத்தைப் பற்றிப் பேசினாலே அவர்கள் குறைத்துவிடுவார்கள், அதனால் வரும் கேடு மருந்து தாமதமாவதைவிடப் பெரியது என்பார்கள் உணவியலாளர்கள். அவர்கள் கவலை மெய்யானது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தபடி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது ஐம்பது கிராம். நம் சைவச் சாப்பாடு அதைத் தொடுவதே கஷ்டம். பார்க்கின்சன் நோயில் எடை தானாகவே குறையும்: வாசனை தெரியாததால் பசி போகும், மெல்லவும் விழுங்கவும் நேரமாகும், நடுக்கமும் இழுப்பும் உடலின் சக்தியைச் செலவழிக்கும். தசை கரைந்தால் விழுவார், இடுப்பு எலும்பு முறியும். பருப்பை நிறுத்தி நடையில் ஒரு மணி நேரம் சம்பாதித்து, ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இழப்பதை யாரும் ஏற்க முடியாது. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் மாத்திரையைச் சாப்பாட்டிலிருந்து விலக்க வேண்டும்: சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன், அல்லது சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து. அது போதவில்லை என்றால் பகல் புரதத்தில் ஒரு பகுதியை இரவுக்கு நகர்த்தலாம், அதுவும் மாதந்தோறும் எடை பார்த்துக்கொண்டே. மொத்தப் புரதத்தைக் குறைப்பது இந்த வரிசையில் வராது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துவண்டுபோவதெல்லாம் புரதத்தால்தான் என்று முடிவுகட்டுவதும் தவறு. இந்த நோயில் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளும் கெடுகின்றன. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போய் அழுத்தம் விழுந்துவிடுகிறது. தலை கிறுகிறுக்கும், கண் சொருகும், பேச்சு குறையும். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்த்தால் எது எது என்று பிரித்துவிடலாம். அழுத்தம்தான் காரணம் என்றால் தீர்வு வேறு: சோற்றைப் பாதியாக்கி இரண்டு தடவையாகச் சாப்பிடுவது, முன்னதாக ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். சித்திரை வெயிலில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் நோயாளி கீழே விழுவார்.

மூன்றாவதாக, இப்படி நேரம் பார்த்துச் சாப்பிடுவதெல்லாம் பழைய வழி, இப்போது மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை இருக்கிறதே என்பார்கள். பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா போன்றவர்கள் 1960களிலேயே மூளைக்குள் குறிவைத்துச் செய்யும் நுண் அறுவையில் பெயர் எடுத்த ஊர் இது. அந்தத் துறையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பல லட்சம் ஆகும். அதற்குத் தகுதியானவரா என்று தீர்மானிக்க முதலில் பார்ப்பதே லெவோடோபாவுக்கு அவர் உடல் எவ்வளவு இசைகிறது என்பதைத்தான். பால் காபியோடு போன மாத்திரையை வைத்து, இவருக்கு மருந்து கேட்கவில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டால் அடுத்த படிகளெல்லாம் தவறாகும்.

சாப்பாடும் மருந்தும் ஒன்றையொன்று தொடும் இன்னொரு இடம் பூனைக்காலி. 1937இல் சேப்பாக்கத்தில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து பிரிட்டிஷ் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதனால் என்ன பயன் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டு கழித்து சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தியிலிருந்து வந்த ரெசர்பினைக் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களை டோபா கொடுத்து எழுப்பியபோதுதான் வழி தெரிந்தது. தாமோதரனும் ராமசாமியும் கடற்கரைச் சாலையை ஒட்டிச் செய்த அந்த வேலை இந்நகரத்துக்குப் பெருமை. அதை இங்கே மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள் என்பது வருத்தம். விதையின் எடையில் நான்கு முதல் ஆறு விழுக்காடு லெவோடோபாவே. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு முப்பது கிராம் பூனைக்காலித் தயாரிப்பைக் கொடுத்துப் பார்த்தபோது மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, பலனும் கூடுதலாக நீடித்தது. ஆகவே நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பூனைக்காலிச் சூரணம் வெறும் சத்து மாவு என்று நினைத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அது அதே மருந்து, ஆனால் அளவு தெரியாத மருந்து, கார்பிடோபா இல்லாத மருந்து. இரண்டும் சேர்ந்தால் கை கால் தன்னிச்சையாக முறுக்கி ஆடும், ரத்த அழுத்தம் விழும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பூனைக்காலியைப் பாலில் கலந்து கொடுக்கும் வழக்கம். கேரள மருத்துவர்களும் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுத்ததும் பசும்பாலில் காய்ச்சிய கலவைதான், அதில் வேளைக்கு 200 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது கண்டறியப்பட்டது. பால் இல்லாமல் கொடுத்திருந்தால் பலன் இன்னும் விரைவாக வந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆயுர்வேதமும் சித்தமும் பயின்றவர்கள் நரம்பியல் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நோயாளி தன் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஃபாவா பயற்றில் டோபா இருக்கிறது என்று படித்துவிட்டு அவரைக்காயை ஆழ்வார்ப்பேட்டைக் காய்கறிக் கடையில் கிலோக் கணக்கில் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது வேறு செடி.

சின்னச் சின்னச் சந்தேகங்கள் சிலவற்றை வேகமாகத் தீர்த்துவிடலாம். வாழைப்பழம் கூடாது என்ற தடை, கார்பிடோபா சேர்க்காமல் லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்தின் மிச்சம். அப்போது பி6 வைட்டமின் மருந்தை வெளியிலேயே சிதைத்தது, இப்போது அந்தப் பயம் தேவையில்லை. விழுங்கச் சிரமப்படுபவருக்கு மாத்திரையைத் தயிர்சாதத்தில் மசித்துக் கொடுப்பதைவிட வாழைப்பழத் துண்டில் வைத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். சி.ஆர். என்று குறித்த, மெதுவாகக் கரையும் மாத்திரையை மட்டும் எதிலும் பொடிக்கக் கூடாது. முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிணைத்துக்கொள்ளும் என்பதால் அதை இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். மலச்சிக்கல் தீர்ந்தால் மருந்தும் ஒழுங்காக வேலை செய்யும், ஆகவே கீரையும் தண்ணீரும் இந்த நோயில் சிகிச்சையின் பகுதி. பிரமிபெக்சோல், ரோபினிரோல், ரசாகிலின் ஆகியவற்றுக்கு இந்தப் புரதப் போட்டி கிடையாது. பிரமிபெக்சோலைச் சாப்பாட்டோடு போடுவது குமட்டலைக் குறைக்கும். எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் ஒரே நேரத்துக்கு வைக்கும் பழக்கத்தை இதற்காகவே விட வேண்டும்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏகாதசியும் சஷ்டியும் ரமலானும் இந்த நகரில் உள்ளன்போடு அனுசரிக்கப்படுபவை. சாப்பாடு இல்லாத வயிற்றில் லெவோடோபா நன்றாகவே வேலை செய்யும், ஆபத்து அதில் இல்லை. விரதத்துக்காக மாத்திரையையும் நிறுத்துவதில்தான் ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே கேடு வரலாம். மாத்திரைக்கும் அதை விழுங்கும் தண்ணீருக்கும் விலக்கு உண்டா என்பதைக் குருக்களிடமோ இமாமிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நவராத்திரிச் சுண்டலும் கல்யாண விருந்தும் விலக்க வேண்டியவை இல்லை. சுண்டல் பொதுவாக மாலையில்தான் வருகிறது, அதற்கு முன் மாலை மாத்திரை இறங்கியிருந்தால் போதும்.

இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவருவது நோயாளி ஒருவரின் பொறுப்பு மட்டும் ஆகிவிடக் கூடாது. நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் ஒரு மருத்துவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது என்பது தெரிந்ததே. ஆனால் 1-1-1 என்று எழுதும் இடத்தில் 6, 11, 4 என்று மணியை எழுத அதைவிட அதிக நேரம் ஆகாது. நரம்பியல் பிரிவில் வாரம் ஒரு நாளாவது உணவியலாளர் ஒருவர் உட்கார்ந்தால் சர்க்கரைக்கும் பார்க்கின்சனுக்கும் தனித்தனியே சொல்லப்படும் அறிவுரைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும். மருந்துக் கடைக்காரர் லெவோடோபா உறையில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்பதை வட்டமிடுவதற்கு முன் சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு. ஒரு நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், எதோடு போட்டார், காபியும் டிபனும் சாப்பாடும் எத்தனை மணிக்கு, எப்போது கை கால் இலகுவானது, எப்போது மறுபடி இறுகியது. வாரம் ஒரு நாள் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்துக் காபி என்ற ஒரே மாற்றத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த ஏழு நாள் செய்து, அதையும் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது சீட்டோடு அந்த நோட்டையும் கொண்டுபோய் அவர் மேசை மேல் வையுங்கள்.